ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அரசு உதவி: எந்த இடத்தில் சிக்குகிறது?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக அரசு பெரிய தொகை ஒதுக்கியது என்று பல நாடுகளில் ஆண்டுதோறும் செய்தி வருகிறது. அதே நாடுகளில், பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி எப்போது தொடங்கும் என்று தெரியாமல் வருடக்கணக்கில் காத்திருக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். இரண்டுமே உண்மை. அணையைத் திறந்தாயிற்று என்பதால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று ஆகிவிடாது. நடுவில் எத்தனை மதகு, எங்கெங்கே அடைப்பு என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக அந்த வழியை முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் விதம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, ஒலி, வெளிச்சம், தொடுதல் போன்றவற்றை உடல் ஏற்றுக்கொள்ளும் விதம் ஆகியவற்றில் அது வெளிப்படும். 1943-இல் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில்தான் இது தனியொரு நிலையாக முதலில் பரவலான கவனத்துக்கு வந்தது. அதன்பின் வரையறை விரிந்துகொண்டே போனது. 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு, அதுவரை தனித்தனிப் பெயர்களில் இருந்தவற்றை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து, தேவைப்படும் ஆதரவை மூன்று நிலைகளாகப் பிரித்தது; எண் கூடக் கூடத் தேவையும் அதிகம் என்று பொருள்.

இதன் விளைவை நிர்வாகக் கண்ணோடு பாருங்கள். ஒரு குழந்தை ஒரு சொல்லும் பேசுவதில்லை, இரவில் இரண்டு மணிநேரம்தான் தூங்குகிறது, கதவு திறந்திருந்தால் சாலைக்கு ஓடிவிடுகிறது. இன்னொரு குழந்தை நன்றாகப் பேசுகிறது, நல்ல மதிப்பெண் வாங்குகிறது. ஆனால் இடைவேளைச் சத்தத்தில் நிலைகுலைந்துபோய், வீட்டுக்கு வந்ததும் ஒரு மணிநேரம் அழுகிறது. அரசுப் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான். தேவையான உதவியோ முற்றிலும் வேறு. கண்பார்வைக் குறைவுக்குக் கண்ணாடி என்பதுபோல 'ஆட்டிசத்துக்கு இது' என்று கைகாட்ட எந்தச் சேவையும் கிடையாது. பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி, சிறப்பு ஆசிரியர், வகுப்பில் கூட இருக்கும் உதவியாளர், பேசாத குழந்தைக்குப் படங்கள் வழியாகவோ டேப்லெட் வழியாகவோ சொல்லக் கற்றுத்தருவது, பெற்றோருக்கான பயிற்சி, பெற்றோர் கொஞ்சம் ஓய்வெடுக்கத் தற்காலிகப் பராமரிப்பு என்று பட்டியல் நீளும். இவற்றில் எது, எவ்வளவு என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக முடிவாக வேண்டும். அப்படி முடிவுசெய்வதற்கே நிறைய நேரமும் ஆளும் தேவை.

இரண்டு வரிசைகள்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு காத்திருப்போர் பட்டியல்தான் கண்ணில் படும். உண்மையில் பெரும்பாலான இடங்களில் இரண்டு இருக்கின்றன. ஆட்டிசம்தானா என்று உறுதிசெய்ய ஒன்று. உறுதியான பிறகு சேவைக்காக இன்னொன்று.

ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையோடு விளையாடிப் பேசிக் கவனிக்க வேண்டும். ஏடாஸ் என்ற மதிப்பீட்டு முறையைப் பயன்படுத்தினால் அதற்கு மட்டுமே 40 முதல் 60 நிமிடம் ஆகும். அப்புறம் பெற்றோரிடம் விரிவாகக் கேட்க வேண்டும், பள்ளியில் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும், காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். பல நாடுகளில் மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எனப் பலர் சேர்ந்துதான் முடிவு சொல்கிறார்கள். அதாவது ஒரு குழந்தைக்கு நிபுணர்களின் பல மணிநேரம் போகிறது. இதை அவசரப்படுத்தினால் தவறாக முடியும்; பொறுமையாகச் செய்தால் வரிசை நீளும்.

இன்னொரு பக்கம், வந்து நிற்பவர்கள் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. கண்காணிக்கும் பகுதிகளில் எட்டு வயதுக் குழந்தைகளிடையே 2000-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 150-க்கு ஒருவர் என்று இருந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 31-க்கு ஒருவர். வரையறை விரிந்தது, விழிப்புணர்வு கூடியது, முன்பு விடுபட்டவர்கள் இப்போது கண்ணில் படுகிறார்கள் என்பவை இந்த உயர்வில் பெரும்பகுதிக்குக் காரணம். ஆனால் திட்டங்களைத் தொடங்கியவர்கள் பழைய கணக்கை வைத்துத்தான் பணமும் ஆளும் ஒதுக்கினார்கள். இங்கிலாந்தில் பரிந்துரை வந்த மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பின் நெறிமுறை. 2024-இல் அங்கே எல்லா வயதினரும் சேர்த்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டிசம் பரிந்துரைகள் நிலுவையில் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கெடுவைத் தாண்டியவை.

காத்திருப்பு எல்லாச் சேவையிலும் உண்டு. இங்கே அது ஏன் தனிக் கொடுமை ஆகிறது என்றால், காத்திருக்கும் ஆள் வளர்ந்துகொண்டே இருக்கிறார். அனுபவமுள்ள நிபுணர்களால் குழந்தையின் இரண்டு வயதிலேயே ஆட்டிசத்தை நம்பகமாக இனம்காண முடியும். பேச்சும் பழகும் திறனும் வேகமாக வளரும் அந்தப் பருவத்தில் உதவி தொடங்குவது நல்லது என்பதால்தான் சிறுவயதுப் பயிற்சிக்கு இவ்வளவு முக்கியத்துவம் தரப்படுகிறது. இரண்டரை வயதில் பெற்றோருக்குச் சந்தேகம் வருகிறது என்று வையுங்கள். முதல் வரிசையில் ஒன்றரை வருடம், இரண்டாவது வரிசையில் ஒரு வருடம். குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று போட்ட திட்டமாக இருந்தால், கவுன்ட்டருக்கு வந்து சேரும்போது தகுதியே போயிருக்கும்.

இது கற்பனை இல்லை. 2016-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளைத் தீவிர நடத்தைப் பயிற்சிக்கான வரிசையிலிருந்து நீக்கிவிட்டு, பதிலுக்கு ஒரே தடவையாக 8,000 டாலர் தருவதாக அறிவித்தது. மூன்று வயதில் பெயர் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் வெளியே. பெற்றோர் தெருவில் இறங்கிய பிறகு சில மாதங்களிலேயே அரசு பின்வாங்கியது. வரிசையைக் குறைக்க மிகச் சுலபமான வழி அதிலிருந்து ஆட்களை அழித்துவிடுவதுதான் என்பதை எந்த நாட்டு அறிவிப்பைப் படிக்கும்போதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணமாகத் தருவதா, சேவையாகத் தருவதா

குடிமக்களுக்கு உதவி செய்ய அரசுக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தானே மையம் நடத்துவது அல்லது ஒரு நிறுவனத்துக்கு நிதி தந்து நடத்தச் சொல்வது. இன்னொன்று, குடும்பத்தின் பெயரில் ஒரு தொகையை ஒதுக்கி, 'உங்களுக்குப் பிடித்த இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடுவது. இரண்டாவது கேட்க இனிமையாக இருக்கிறது, பெற்றோருக்குத் தேர்வுசெய்யும் உரிமை கிடைக்கிறது. ஆனால் வாங்குவதற்கு எதிரே கடை இருக்க வேண்டுமே.

மறுபடியும் ஒன்டாரியோ. 2019 பிப்ரவரியில், 23,000 குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள், எல்லோருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும் என்று சொல்லி, அப்போதைய அமைச்சர் லிசா மக்லாய்ட் ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தார். ஆறு வயது வரை ஆண்டுக்கு அதிகபட்சம் 20,000 டாலர். அதன்பின் 18 வயது வரை ஆண்டுக்கு 5,000 டாலர். இருக்கும் நிதியை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பதில் என்ன தவறு என்று தோன்றலாம். தவறு என்னவென்றால், தொகையைத் தீர்மானித்தது முக்கியமாக வயது; குழந்தையின் தேவைக்கு அதில் இடமே இல்லை. மேலே சொன்ன இரண்டு குழந்தைகளும் ஏழு வயதினர் என்றால் இருவருக்கும் அதே 5,000. தீவிரப் பயிற்சிக்கு ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும் குழந்தைக்கு அது சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

போராட்டம் வெடித்தது. அந்த ஆண்டுக்குள்ளேயே ஆண்டு நிதி ஏறத்தாழ இரு மடங்காக, 60 கோடி டாலராக உயர்ந்தது. அமைச்சர் மாற்றப்பட்டார். தேவையை அடிப்படையாகக் கொண்ட புதுத் திட்டம் வடிவமைக்க ஒரு குழு உட்கார்ந்தது. இவ்வளவும் செய்திகளில் பேசப்பட்டது. அதிகம் பேசப்படாதது இன்னொன்று: நிதி நேரடியாக வந்துகொண்டிருந்த மையங்கள், இனி குடும்பங்கள் கையில்தான் பணம் இருக்கும் என்றானதும், ஆட்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தன. பல வருடங்களாகச் சேர்த்து வைத்த பயிற்சியாளர்கள் கலைந்தார்கள். பிறகு பணம் இரட்டிப்பானாலும், போன ஆட்கள் உடனே திரும்பி வருவதில்லை. சில ஆண்டுகளில் பதிவுசெய்த குழந்தைகள் எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டியது. என் பார்வையில் இந்த முழுக் கதையிலும் பெரிய இழப்பு, திட்டத்தை அடிக்கடி மாற்றியதுதான். ஒரு சுமாரான திட்டத்தைப் பத்து வருடம் நிலையாக நடத்தியிருந்தாலே இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

கனடாவிலேயே இதற்கு நேரெதிர் கதையும் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 22,000 டாலர் வரை, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 டாலர் வரை குடும்பத்தின் பெயரில் தந்துகொண்டிருந்தார்கள். ஆட்டிசம் என்ற பெயர் கிடைத்தவர்களுக்குத்தான் இது; டவுன் சிண்ட்ரோம் போன்ற வேறு நிலைகள் உள்ள குழந்தைகளுக்கு இதுபோன்ற தொகை இல்லை. இதைச் சரிசெய்ய, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான சேவை மையங்கள் தொடங்கி, தனிநபர் நிதியைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2021-இல் அரசு அறிவித்தது. நியாயமான காரணம்தான். ஆனால் பெற்றோர் கேட்டது, 'எங்கள் பிள்ளை நான்கு வருடமாகப் பழகிய தெரபிஸ்ட்டை விட்டுவிட்டு, இன்னும் கட்டாத மையத்தை நம்பச் சொல்கிறீர்களா?' என்று. 2022 நவம்பரில் புதிதாகப் பொறுப்பேற்ற முதல்வர் டேவிட் ஈபி, தனிநபர் நிதியை நிறுத்தும் முடிவைக் கைவிட்டார். பழகிய முகம் மாறினால் மாதக்கணக்கில் பின்னுக்குப் போகும் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது, ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் காலத்தை எப்படி நடத்துகிறோம் என்பதே பாதிப் பிரச்சினை.

ஆஸ்திரேலியா இதே வழியில் இன்னும் பெரிய அளவில் போனது. 2013-இல் சட்டமான என்.டி.ஐ.எஸ். என்ற தேசிய மாற்றுத்திறனாளர் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதி பெற்ற ஒவ்வொருவருக்கும் தனித் திட்டமும் தனி நிதியும் உண்டு. இன்று அதில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஆட்டிசத்தை முதன்மைக் காரணமாகக் கொண்டவர்கள். ஏன் இப்படி ஆனது? திட்டத்துக்குள் நல்ல உதவி இருந்தது. திட்டத்துக்கு வெளியே, லேசான உதவி தேவைப்படும் குழந்தைக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எனவே எல்லோரும் உள்ளே வர முயன்றார்கள். அதிலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை ஆட்டிசம் என்று சான்று இருந்தால் நுழைவு சுலபம் என்ற விதி. சந்தேகத்துக்கு இடமான குழந்தையை முதல் நிலை என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா என்ற கேள்வி மருத்துவர் முன் வரும்போது, எதிரே அமர்ந்திருக்கும் குடும்பத்தின் எதிர்காலமும் அந்த எண்ணில் இருக்கிறது. யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. விதி போட்ட விதமே எண்ணை மேலே தள்ளும். 2025 ஆகஸ்டில், லேசான மற்றும் நடுத்தரத் தேவையுள்ள எட்டு வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகளுக்கு 'த்ரைவிங் கிட்ஸ்' என்ற தனித் திட்டம் கொண்டுவரப் போவதாக அமைச்சர் மார்க் பட்லர் அறிவித்தார். அந்தக் குழந்தைகளை வெளியே அனுப்பும் நாளில் புதுத் திட்டம் நிஜமாகவே திறந்திருக்குமா என்பதுதான் அங்குள்ள பெற்றோரின் கவலை.

ஆள் இல்லையென்றால் பணம் என்ன செய்யும்

ஒரு பேச்சுப் பயிற்சியாளரின் வாரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வேலை நேரம் 40 மணி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னே தயாரிப்பு, பின்னே குறிப்பு எழுதுவது. பள்ளி ஆசிரியரோடு பேச வேண்டும். அரசுக்கு அனுப்ப வேண்டிய மதிப்பீட்டு அறிக்கைகள், நிதியைப் புதுப்பிக்கக் கடிதங்கள், ரத்தான அமர்வுகள், ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போகும் நேரம். இதெல்லாம் போக நேரடியாகக் குழந்தையோடு செலவிட 22 மணிநேரம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். குழந்தைக்கு வாரம் ஒரு மணி என்றால் 22 குழந்தைகள். வாரம் இரண்டு மணி வேண்டும் என்றால் 11 பேர். ஒரு வட்டாரத்தில் 300 குழந்தைகள் காத்திருந்து, மூன்று பயிற்சியாளர்கள் இருந்தால், மீதிக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அரசு எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் அந்த மூன்று பேரின் வாரம் நீளாது. புதிதாக ஒருவரை உருவாக்கப் பட்டப்படிப்பும் மேற்பார்வையில் வேலை செய்யும் காலமும் சேர்த்துப் பல வருடம் ஆகும்.

அதனால், ஆள் சேர்க்காமல் நிதியை மட்டும் திடீரென்று கூட்டினால் நடப்பது விலையேற்றம்தான். அரசுப் பள்ளியில் சம்பளத்துக்கு இருப்பவர் தனியார் மையத்துக்குப் போவார். நகரத்தை விட்டு ஒதுங்கிய ஊர்களில் இருப்பவர்களுக்குக் கையில் தொகை இருக்கும், செலவழிக்க ஆள் இருக்காது. ஆண்டு முடிவில் அந்தத் தொகை செலவாகாமல் திரும்பிப் போகும். 'ஒதுக்கியதில் பாதியைத்தான் பயன்படுத்தினீர்கள், அப்படியானால் தேவை குறைவுதானே' என்று அடுத்த ஆண்டு வெட்டுவதும் நடக்கும். தேவை குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை. வாய்ப்பு இல்லாததால் வந்த மிச்சம் அது. இந்த ஒரு தவறான முடிவு பல குடும்பங்களைப் பாதிக்கிறது.

எத்தனை மணிநேரம் பயிற்சி வேண்டும் என்பதும் இங்கேதான் வந்து மோதுகிறது. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் இவார் லோவாஸ், வாரம் 40 மணிநேரம் நடத்தைப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான வகுப்பில் தேறினார்கள் என்று எழுதினார். அந்த ஆய்வில் தண்டனை முறைகளும் பயன்படுத்தப்பட்டன, குழுக்கள் பிரிக்கப்பட்ட விதத்திலும் குறை இருந்தது என்ற கண்டனங்கள் உண்டு. ஆனாலும் அந்த '40 மணி' பல பத்தாண்டுகளாகப் பெற்றோர் மனத்திலும் நிதிக் கோரிக்கைகளிலும் ஊறிப்போயிற்று. 2024-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மணிநேரம் கூடக் கூடப் பலனும் கூடுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் தெரியவில்லை என்றது. இதை வைத்து 'அப்படியானால் வெட்டலாம்' என்று கிளம்பக் கூடாது. குறைந்த நேரமே எல்லோருக்கும் போதும் என்று அது சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே எண் என்ற நினைப்புதான் தவறு. வளர்ந்த பின் ஆட்டிசம் உள்ள பலர், தங்களைப் 'பார்க்கச் சாதாரணமாக' ஆக்குவதற்காகச் செய்யப்பட்ட பயிற்சிகள் எவ்வளவு காயப்படுத்தின என்று சொல்லி வருகிறார்கள். பொதுப்பணத்தில் எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காகிதத்தில் ஒரு சொல்

சரி, வரிசை முடிந்தது, திட்ட ஆவணம் கைக்கு வந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூடுதல் ஆதரவு தேவைப்படும் குழந்தைக்குக் கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து ஒரே திட்டம் எழுதித் தருகிறார்கள். 20 வாரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிதான் அந்தக் கெடுவுக்குள் வந்திருக்கின்றன. அதில் எஃப் என்ற பகுதியில், குழந்தைக்குத் தரப்போகும் கல்வி சார்ந்த உதவி என்ன என்று எழுதுவார்கள். அந்தப் பகுதியில் உள்ளதை உள்ளாட்சி நிர்வாகம் சட்டப்படி தந்தே ஆக வேண்டும்.

இப்போது இரண்டு வாக்கியங்களை ஒப்பிடுங்கள். 'தகுதிபெற்ற பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒருமுறை 45 நிமிடம் தனியாகப் பயிற்சி தருவார்.' இன்னொன்று: 'தேவைக்கேற்பப் பேச்சுப் பயிற்சி பெறும் வாய்ப்பு வழங்கப்படும்.' முதல் வாக்கியத்தை வைத்துக் கேள்வி கேட்கலாம், வழக்கும் போடலாம். இரண்டாவதை வைத்து ஒன்றுமே செய்ய முடியாது. வருடம் முழுக்க ஒருநாள்கூட யாரும் வராமல் இருந்தாலும் அந்த வாக்கியம் மீறப்படவில்லை. எவ்வளவு, யார், எத்தனை முறை என்று குறிப்பாக எழுத வேண்டும் என்றே அங்குள்ள வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. பணமும் ஆளும் இல்லாத நிர்வாகம் இயல்பாகவே இரண்டாவது வகை வாக்கியத்தின் பக்கம் சாயும். எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் கையில் இருக்கும் ஆவணத்தில் 'தேவைக்கேற்ப', 'இயன்றவரை', 'வாய்ப்பு' என்ற சொற்களைக் கண்டால் அங்கே நின்று கேளுங்கள்.

சட்டம் துணைக்கு வருமா என்றால், நாட்டுக்கு நாடு மாறுகிறது. 2004-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், ஆட்டன் வழக்கில், தீவிர நடத்தைப் பயிற்சிக்கு மாநிலம் கட்டாயம் நிதி தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதை முடிவு செய்ய வேண்டியது சட்டமன்றம் என்றது. அமெரிக்காவில் கதை வேறு. மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கான கல்விச் சட்டத்தில் 1990-இல் ஆட்டிசம் தனிப் பிரிவாகச் சேர்ந்தது. 2017-இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் காட்டினால் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற நியாயமான முன்னேற்றத்துக்கு வழிசெய்ய வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதே சட்டத்துக்காக 1975-இல் மத்திய அரசு தருவதாகச் சொன்ன 40 சதவீதப் பங்கை ஒரு ஆண்டுகூட முழுதாகத் தந்ததில்லை. உரிமையை ஒரு அரசு எழுதுகிறது, செலவை இன்னொரு அரசு ஏற்கிறது. நடுவில் இழுபடுவது பள்ளி.

இன்னொரு இழுபறி துறைகளுக்கிடையே. அமெரிக்காவில் மூன்று வயது வரை ஒரு ஏற்பாடு, மூன்றாவது பிறந்தநாளிலிருந்து பள்ளி மாவட்டத்தின் பொறுப்பு. முதல் ஏற்பாட்டில் தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்திருப்பார். இரண்டாவதில் புதிய மதிப்பீடு, புதிய ஆட்கள், புதிய இடம், புதிய தகுதி விதி. பல நாடுகளில் இதே பிளவு சுகாதாரத் துறைக்கும் கல்வித் துறைக்கும் இடையே இருக்கிறது. சாப்பாட்டை விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குப் பள்ளியில் உதவுவது மருத்துவமா, கல்வியா? இரண்டு துறைகளும் 'அது அவர்களுடையது' என்று சொல்ல நியாயம் வைத்திருக்கும்.

கணக்குக் கேட்பது

பொதுப்பணம் என்றால் தணிக்கை வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 2019, 2020 ஆண்டுகளில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டம் நடத்தைப் பயிற்சிக்குத் தந்த தொகையை மத்திய தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, குறைந்தது 5.6 கோடி டாலர் முறையற்று வழங்கப்பட்டதாக 2024-இல் சொன்னது. பயிற்சி நடந்ததற்கான குறிப்புகள் சரியாக இல்லை, தகுதிச் சான்று இல்லை, தூங்கும் நேரத்துக்கும் விளையாட்டு நேரத்துக்கும்கூடப் பயிற்சி என்று பில் போட்டிருக்கலாம் என்பது போன்ற குறைகள். குழந்தைகளின் பெயரில் வந்த பணம் அவர்களுக்கே போய்ச் சேரவில்லை என்பது மனதை வருத்தும் விஷயம்.

ஆனால் இதற்கு அரசுகள் வழக்கமாகக் காட்டும் எதிர்வினை கூடுதல் படிவம். அந்தப் படிவங்களை எழுதுவது அதே மூன்று பயிற்சியாளர்கள். மேலே சொன்ன 22 மணி 19 ஆகும். மோசடி செய்பவர்களுக்குப் படிவம் நிரப்ப ஆள் வைத்துக்கொள்ளத் தெரியும். நேர்மையாக நடத்தும் சிறிய மையம்தான் மூச்சுமுட்டிப்போகும். எல்லோரையும் சமமாகச் சந்தேகிப்பதைவிட, வழக்கத்துக்கு மாறான பில்களைக் குறிவைத்துப் போய்ப் பார்ப்பது நல்லது.

படிவங்களின் சுமை பெற்றோர் மேலும் விழுகிறது, அதுவும் சமமாக இல்லை. படித்த, அரசு மொழி தெரிந்த, பகலில் விடுப்பு எடுக்க முடிந்த, மேல்முறையீடு செய்யத் துணிந்த குடும்பத்துக்குக் கிடைப்பது, தினக்கூலிக்குப் போகும் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. வீட்டில் பேசும் மொழியும் மதிப்பீட்டின் மொழியும் வேறாக இருந்தால், குழந்தைக்குச் சொல் தெரியவில்லையா, மொழி தெரியவில்லையா என்பதே தெளிவாகாது. பெண் குழந்தைகள் பிறரைப் பார்த்து நடந்துகொண்டு சிரமத்தை மறைத்துவிடுவதால் தாமதமாகவே கண்ணில் படுகிறார்கள். ஆட்டிசத்தோடு வலிப்பு, தூக்கமின்மை, அறிவுத்திறன் குறைபாடு சேர்ந்துவரும் குழந்தைகளை 'எங்களால் சமாளிக்க முடியாது' என்று மையங்கள் ஒதுக்குவதும் உண்டு. மிக அதிகம் தேவைப்படுபவருக்கே கதவு மூடுகிறது. 2021-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் ஒன்று, எப்போதும் ஒருவர் கூடவே இருக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு 'ஆழ்ந்த ஆட்டிசம்' என்ற தனிப் பெயரை முன்வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பெயர் குழந்தைகளைத் தரம்பிரிக்கிறது என்று ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் எதிர்க்கிறார்கள். இரண்டு பக்கத்துக் கவலையும் எனக்குப் புரிகிறது.

என்ன செய்யலாம்

முதலில், சான்றிதழுக்காகக் காத்திருக்காமல் உதவியைத் தொடங்கலாம். இரண்டு வயதுக் குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, விரலால் சுட்டிக்காட்டவில்லை என்றால், அதற்கு என்ன பெயர் வைப்பது என்பது பிறகு முடிவாகட்டும். பேசத் தூண்டும் பயிற்சி அடுத்த வாரமே தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் சின்னக் குழந்தைகளுக்கு வளர்ச்சித் தாமதம் என்ற அடிப்படையிலேயே உதவி தர வழி வைத்திருக்கிறார்கள். இது இரண்டு வரிசைகளில் ஒன்றையாவது குழந்தையின் வழியிலிருந்து விலக்குகிறது.

அடுத்து, பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பது. பிரிட்டனில் பேக்ட் என்ற முறையில், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு தெரபிஸ்ட் உடன் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். இதோ இந்த நொடியில் அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் பொம்மையை எடுக்கத் திரும்பிவிட்டீர்கள் என்பதுபோல நுணுக்கமாகப் பேசுவார்கள். குழந்தை தரும் சின்னச் சின்னக் குறிப்புகளுக்கு எப்படிப் பதில் தருவது என்று பெற்றோர் பழகுவார்கள். இந்த முறையைக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதமும், குழந்தை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியதாக 2016-இல் முடிவு வந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் இதேபோல ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டுச் சந்திப்புகளும் கொண்ட ஒரு பெற்றோர் பயிற்சியை உருவாக்கியிருக்கிறது. நிபுணர்கள் போதாத இடத்தில் இது பெரிய ஆறுதல்.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பெற்றோர் பயிற்சி மலிவு என்பதால், அதை மட்டும் கொடுத்துவிட்டுச் சேவை தந்தாயிற்று என்று கணக்கு முடிக்க அரசுகளுக்கு ஆசை வரும். இரவில் தூங்காத, தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் குழந்தையோடு வாழும் அம்மாவுக்குப் பன்னிரண்டு வகுப்பு போதாது. அவருக்குத் தேர்ந்த ஆளின் நேரமும், தான் தூங்குவதற்கு ஓர் இரவும் வேண்டும்.

கடைசியாக, எண்களைப் படிக்கும் விதம். அடுத்த முறை இப்படியொரு அறிவிப்பு வரும்போது ஒதுக்கிய தொகையைத் தாண்டிச் சிலவற்றைத் தேடிப் பாருங்கள். பெற்றோருக்குச் சந்தேகம் வந்த நாளிலிருந்து முதல் பயிற்சி நாள் வரை எத்தனை மாதம்? திட்டத்தில் எழுதிய மணிநேரத்தில் எத்தனை உண்மையில் நடந்தது? ஒதுக்கியதில் எந்தெந்த ஊரில் செலவாகாமல் கிடந்தது, ஏன்? வரிசை குறைந்தது என்றால், அதிலிருந்து போனவர்களில் எத்தனை பேருக்குச் சேவை கிடைத்தது, எத்தனை பேருக்கு வயது தாண்டியது? இவற்றைக் கணக்கெடுக்கும் அரசுகள் குறைவு. கணக்கெடுக்கச் சொல்லி நாம் கேட்பதற்கு ஒரு செலவும் இல்லை.